நின்ற சொல்லிலிருந்து

அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. சர்க்கார் காகிதத்தில் அது ஒருமுறை எழுதப்பட்டு, பக்கத்திலேயே அவர் சொல்லாத சொற்களும் எழுதப்பட்டிருக்கின்றன. ஒரு பெயருக்கு அந்த அவமானம் போதும். ஆரணியில் அவரை எல்லோரும் மீதியக்கா என்றார்கள். நானும் அப்படியே சொல்கிறேன்.

வேலூரில் மூன்று வருஷம் மருந்து கலக்கவும் கட்டுப் போடவும் படித்துவிட்டு, ஆரணி மருந்தகத்தில் வேலைக்கு வந்தபோது எனக்கு இருபது வயது. என்னோடு வந்தவை: நான்கு சேலை, ஒரு வேதப்புத்தகம், சிறு தராசு, கட்டுத் துணி வெட்டும் கத்திரிக்கோல், கோடு போட்ட நோட்டுகள் ஆறு. ஊரார் எனக்கு மருந்தம்மா என்று பெயர் வைத்தார்கள். எட்டு வருஷம் ஆகிறது. இப்போது அந்த வேலையில் இல்லை. இடது கையில் இரண்டு விரல் மடங்காதவள் தராசு பிடிக்க முடியாது.

வந்த இரண்டாம் வாரம், நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண் ஆள்காட்டி விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். நகச்சுற்று. எப்படி வந்தது என்று கேட்டேன்.

“செவ்வாக்கெழம காலையில இழை பிணைச்சுகினு இருந்தேம்மா. சுருக்குன்னு குத்தினாப்ல இருந்துது. சிலாம்பா இருக்கும்னு நெனச்சு நான் இன்னா பண்ணேன், வேப்பெலையை—”

உள்ளேயிருந்து டாக்டர் கூப்பிட்டார். போய்விட்டுத் திரும்பி வந்தேன். மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் விரலைக் கீறிச் சீழ் எடுத்தேன், கட்டினேன், அடுத்த ஆளைக் கூப்பிட்டேன். மறுநாள் கட்டு மாற்ற வந்தவர் முக்காலியில் உட்கார்ந்ததும் சொன்னார்:

“அரைச்சு மஞ்சளோட வெச்சுக் கட்டினேன். அதான் ஜாஸ்தியாப் பூடுச்சி.”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வரிசையில் நின்றிருந்த பெண் சிரித்தாள். “நேத்து நீ உட்டுட்டுப் போன எடம்மா அது. மீதியக்கா அங்கயே நின்னுகினு இருந்துது.”

அதுதான் அவர். குறுக்கே பேசினால் சண்டைக்கு வரமாட்டார், குரலை உயர்த்தமாட்டார். நிறுத்திக்கொள்வார். வாய்ப்புக் கிடைத்ததும், நின்ற சொல்லுக்கு அடுத்த சொல்லிலிருந்து தொடர்வார். நடுவில் ஒரு நாழிகை போயிருக்கலாம், ஒரு வாரமும் போயிருக்கலாம்.

அவர் வேலை அப்படிப்பட்டது. தறியில் ஒரு பாவு, அதாவது நீளவாக்கில் ஓடும் இழைகளின் தொகுப்பு, தீரும்போது, புதுப் பாவின் ஒவ்வோர் இழையையும் பழைய பாவின் இழை நுனியோடு சேர்த்து முறுக்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள். சாம்பல் தொட்ட இரண்டு விரல்களால் ஒவ்வொன்றாக. ஓர் இழை தவறினால் சேலை முழுக்க அந்தத் தவறு ஓடும். நடுவில் எழுந்துபோக நேர்ந்தால், விட்ட இடத்தில் சிவப்பு நூல் ஒன்றைக் கட்டிவிட்டுப் போவார்கள்.

“அவ நாக்குலயும் ஒரு செவப்பு நூல் கீது, மருந்தம்மா,” என்பார் அவர் கணவர். அவர் தறிக்காரர், சாது. “முந்தாநாள் சண்டையை இன்னிக்கு விட்ட எடத்துல புடிக்கிறா. எதுக்கு சண்டைன்னே நான் மறந்து போயிருப்பேன். பேஜாரு.”

ஒரு கல்யாணத்தில் அவர் யாரிடமோ பேசிக்கொண்டிருக்கும்போது கெட்டிமேளம் முழங்கியதாம். தாலி கட்டி முடிந்து, அட்சதை போட்டு, மேளம் ஓய்ந்ததும், “நாலு முழம் போதும்னு சொன்னேன்” என்று முடித்தாராம். இன்றைக்கும் அந்தத் தெருவில் யாராவது வெகுநேரம் கழித்துப் பதில் சொன்னால், “நாலு முழம் போதும்” என்று கேலி செய்கிறார்கள்.

எனக்கு அவரைப் பிடித்திருந்தது. கொஞ்சம் சங்கடமாகவும் இருந்தது. பட்டியல் போட்டுப் பழகியவளுக்கு, தன்னைவிட ஒழுங்கானவரைப் பார்த்தால் வரும் சங்கடம்.

விரல் ஆறிய அன்று அவர் என் ரிஜிஸ்தரைக் காட்டிக் கேட்டார். “என்னைப் பத்தி இன்னா எழுதியிருக்கற? படி, கேப்போம்.”

படித்தேன். பெயர், வயது, தெரு, நோய், சிகிச்சை. கடைசிக் கட்டம், ‘வந்த விதம்’. அதில் ‘தானாக’ என்று எழுதியிருந்தேன்.

“வேப்பெலை வெச்சு நானே ஜாஸ்தி பண்ணிக்கினேன்னு சொன்னேனே?”

“அதெல்லாம் எழுதத் தேவையில்லை அக்கா. கட்டம் சின்னது.”

“சின்னதா இருந்தா சின்ன எழுத்துல எழுது,” என்றார். போகும்போது திரும்பிப் பார்த்தார். “நான் படிக்காதவ. எனக்குப் பின்னால அந்தப் பொஸ்தகம்தான் பேசும்.”

நான் சிரித்தேன். திருத்தவில்லை.

அந்த வருஷம் ஒரு பெரிய துரை ஊருக்கு முகாம் வருவதாகச் சொன்னார்கள். அவர் வண்டி போகும் சாலைகள் வெறிச்சென்று இருக்க வேண்டும் என்று, தெருவில் பாவு நீட்டக் கூடாதென்று தண்டோரா போட்டார்கள். துரை வந்தார், மூன்றாம் நாள் போனார். உத்தரவு போகவில்லை.

நெசவு தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பாவை வீட்டுக்குள் நீட்ட முடியாது. அத்தனை நீளத்துக்கு வீடு கிடையாது. விடியற்காலையில் தெருவில் நீட்டி, இரு முனையிலும் கழி கொடுத்து ஆள்கள் இழுத்துப் பிடிக்க, ஓரங்களில் நிற்பவர்கள் இழையைப் பிரித்துக் கஞ்சி தடவுவார்கள். கஞ்சி தொட்ட பாவு காய்வதற்குள் தொய்ந்தால் இழையோடு இழை ஒட்டிக்கொள்ளும். ஒட்டின பட்டு இழையைப் பிரிக்க முடியாது, அறுத்தெறிய வேண்டியதுதான். அதனால் அங்கே இரண்டு கட்டுப்பாடுகள் உண்டு. நீட்டின பாவை யாரும் தாண்டக்கூடாது, சுற்றித்தான் போக வேண்டும். பிடித்த கையைப் பாதியில் விடக்கூடாது. சந்தவாசலிலிருந்து வைக்கோல் ஏற்றி வரும் வண்டிக்காரர்கள்கூட ஏழு மணி வரை ஊர் எல்லையில் மாட்டை அவிழ்த்துவிட்டுக் காத்திருப்பார்கள்.

உத்தரவில் இன்னொரு வரியும் இருந்தது. இதைப் பற்றி ஐந்து பேருக்கு மேல் கூடிப் பேசினாலும் குற்றம். “எங்க வீட்லயே ஏழு பேரு,” என்றார் மீதியக்காவின் கணவர். “ரெண்டு பேர எழுப்பி வெளியில அனுப்பிட்டுத்தான் சோறு துன்னணும்.”

தெருக்காரர்கள் ஒரு மனு எழுதினார்கள். காலை ஏழு மணி வரை மட்டும் தெருவைக் கேட்டார்கள். அதை எடுத்துக்கொண்டு கச்சேரிக்குப் போனவர் மீதியக்கா. கச்சேரி என்பது எங்கள் மருந்தகத்துக்கு நேரெதிரே இருந்த சர்க்கார் அலுவலகம். குமாஸ்தா ஜன்னலுக்குள்ளிருந்து கேட்டாராம், “பேசறதுக்கு ஆம்பளைங்க யாரும் கெடைக்கலையா?”

“கீறாங்க. நீங்க குறுக்க பேசினா அவங்க உட்டுட்டு வந்துடறாங்க,” என்றாராம் இவர்.

முதல் நாள் நான்கு வார்த்தை சொன்னதுமே ‘அப்புறம் வா’. மறுநாள் ஐந்தாம் வார்த்தையில் தொடங்கினார். அன்றும் பாதியில் துரத்தப்பட்டார். மூன்றாம் நாளும் நின்ற சொல்லிலிருந்து தொடங்கியபோது வெளியில் வேடிக்கை பார்த்தவர்கள் சிரித்தார்கள், குமாஸ்தாவுக்கு முகம் சிவந்தது. நான்காம் நாள் ஜன்னலைச் சாத்திவிட்டார்கள். சொல்ல வேண்டியதில் முக்கால் பங்கு சொல்லியாகியிருந்தது. கால் பங்கு அந்த ஜன்னலுக்கு வெளியே நின்றுவிட்டது.

“காதுக்குச் சொல்ல உடலைன்னா கண்ணுக்குக் காட்டுவோம்,” என்றார் அவர். “கச்சேரி எதுருக்கப் பாவு நீட்டலாம். வேலை செஞ்சா தப்பா? கோஷம் வேணாம், கூச்சல் வேணாம்.”

“அடிச்சாங்கன்னா?” என்று நானே கேட்டேன்.

“நீட்டின பாவைத் தாண்டி எவன் வருவான்?”

அதை அவர்கள் எல்லோரும் நம்பினார்கள். அவ்வளவு பெரிய தவறை நெசவுக்காரர்கள் மட்டும்தான் செய்ய முடியும்.

மறுநாள் விடியலில் சாலையின் நீளத்துக்கு எட்டுப் பாவு நீட்டினார்கள். கச்சேரி வாசலை மறிக்கவில்லை. பாவுகளுக்கு இடையில் ஒரு வண்டி போக வழிவிட்டிருந்தார்கள். அரக்கு, மாம்பழ நிறம், கிளிப்பச்சை. நான் மருந்தகத் தாழ்வாரத்தில் நின்று பார்த்தேன். கஞ்சிப் பானைகளிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. பேச்சுச் சத்தமே இல்லை. தூரிகை இழையில் ஓடும் சத்தம் மட்டும்.

இன்ஸ்பெக்டர் குதிரையில் வந்தார். பின்னால் இருபது போலீசார். ஒரு காகிதத்தைப் படித்தார். கலைந்து போகும்படி மூன்று முறை சொன்னார். யாரும் கலையவில்லை. அந்த நேரத்தில் அவர்களால் முடியவும் முடியாது. பாவு நனைந்து அரை நாழிகைகூட ஆகவில்லை.

மீதியக்கா கடைசிப் பாவின் முனைக் கழியைப் பிடித்திருந்தார். அங்கிருந்தே பேசினார். அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் என் காதில் விழுந்தது.

“ஐயா, கஞ்சி தொட்ட பாவு. ஈரமா கீது. தயவு பண்ணி வெயில் ஏர்ற வரைக்கும் பொறுங்க. காஞ்சதும் நாங்களே—”

தடிகள் இறங்கின. குதிரை முதல் பாவின் நடுவில் பாய்ந்தது. போலீசார் பாவுகளை மிதித்துத் தாண்டினார்கள். ஒருவன் மட்டும் தாண்டவில்லை. அவன் அப்பாவும் தறிக்காரர், இதே ஊர். கடைசிப் பாவின் ஓரமாக நடந்து, கழி முனையைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் வந்து, மீதியக்காவின் தாடையில் அடித்தான்.

அன்று எங்களிடம் வந்தவர்கள் பன்னிரண்டு பேர். பின்னந்தலை, தோள், முதுகு, காது. கழியோடு சேர்ந்து நசுங்கிய விரல்கள். வேலூரில் எனக்கு ஒன்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள்: அடி விழும்போது மனிதன் தன்னை அறியாமல் கையைத் தூக்குவான், முன்கை எலும்பு முறியும், அடிதடிக் காயம் என்று அதைக்கொண்டு தெரிந்துகொள்ளலாம். பன்னிரண்டு பேரில் ஒருவருக்கும் முன்கையில் கீறல்கூட இல்லை. யாரும் கையைத் தூக்கவில்லை. கையில் பாவு இருந்தது.

மீதியக்காவுக்கு இடது தாடை எலும்பு முறிந்து, இரண்டு பற்கள் போயிருந்தன. தலையைச் சுற்றி நாலு முனைக் கட்டுப் போட்டு வாயை இறுக்கினேன்.

நான் ரிஜிஸ்தரை எடுத்தபோது டாக்டர் பக்கத்தில் வந்து நின்றார். “ஏட்டு வந்துட்டுப் போனார். ‘வந்த விதம்’ கட்டத்துல ‘நெரிசலில் விழுந்தது’ன்னு போடு. எல்லாத்துக்கும்.”

“காயத்தைப் பார்த்தால் தெரிகிறதே, ஐயா.”

“பார்க்கறவன் யாரு? நாம ரெண்டு பேருதான். இந்த மருந்தகம் சர்க்கார் தயவுல நடக்குது. மூடிட்டா நாளைக்கு இவங்களுக்கு யாரு கட்டுப் போடுவாங்க?”

பன்னிரண்டு முறை எழுதினேன். கட்டம் சின்னதுதான், ஆனால் அந்தச் சொற்கள் சரியாக அடங்கின. என் கையெழுத்து நன்றாக இருக்கும். வேலை போய்விடுமோ என்று பயந்தேன். டாக்டர் சொன்ன காரணம் அவருடையது. என்னுடையது இதுதான்.

ஐந்து வாரங்களுக்கு மேல் மீதியக்கா கஞ்சித்தண்ணீர் குடித்துக்கொண்டு வாய் கட்டிக் கிடந்தார். நான்கு நாளுக்கு ஒருமுறை கட்டை மாற்றப் போவேன். வலது மணிக்கட்டில் ஒரு சிவப்பு நூல் கட்டியிருந்தார். என்னவென்று கேட்டேன். தன் வாயைத் தொட்டுக் காட்டினார்.

மீதியக்காமேலும் தெருக்காரர்கள் ஆறு பேர்மேலும் வழக்கு அதற்குள் வந்துவிட்டது. சட்டவிரோதமாகக் கூடியது, கல்லெறிந்தது, மிரட்டியது. ‘சற்றுப் பொறுங்கள், நாங்களே உங்களை அடித்து விரட்டுவோம் என்று இந்தப் பெண் கூவியதும் கூட்டம் கல்லெறிந்தது’ என்று இன்ஸ்பெக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். ‘நாங்களே’ வரைக்கும் சரிதான். மீதியை அவர் போட்டுக்கொண்டார். கல்லெறியக் காலியான கை ஒன்று வேண்டும். அன்று அந்தச் சாலையில் கழியையோ இழையையோ பிடிக்காத கைகள் போலீசாரிடம்தான் இருந்தன, அவற்றிலும் தடி இருந்தது.

அந்த ஒரு வாக்கியத்தில் ஆறு ஆண்கள் ஜெயிலுக்குப் போவதும் போகாததும் இருந்தது. அவர் கணவர் அவர்களில் ஒருவர். மீதியைச் சொல்லக்கூடியவர் ஒரே ஒருவர், அவர் வாயில் என் கட்டு இருந்தது.

விசாரணை நாளன்று காலையில் மருந்தகத்துக்கு வந்து, கட்டை அவிழ்க்கும்படி சைகை செய்தார். எலும்பு இன்னும் கூடவில்லை, ஒரு வாரமாவது வேண்டும், இப்போது அவிழ்த்தால் தாடை கோணலாக நின்றுவிடும் என்றேன். கேட்டுக்கொண்டார். பிறகு என் கத்திரிக்கோலை எடுத்து என் கையில் கொடுத்தார்.

கோர்ட்டில் என்னைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். ரிஜிஸ்தரைப் படிக்கச் சொன்னார்கள். “நெரிசலில் விழுந்தது,” என்று பன்னிரண்டு முறை படித்தேன். ஆறு பேரும் என்னைப் பார்க்கவில்லை. நாகரிகமானவர்கள், தரையைப் பார்த்தார்கள்.

அடுத்து மீதியக்கா. “அன்று நீ சொன்னது என்ன?” என்று மாஜிஸ்திரேட் கேட்டார். மீதியக்கா மணிக்கட்டுச் சிவப்பு நூலை அவிழ்த்தார். ‘ஐயா’ என்று முதலிலிருந்து தொடங்கவில்லை. அது முன்பே சொல்லியாயிற்று. நின்ற இடத்திலிருந்து சொன்னார். கட்டு அவிழ்ந்த வாயிலிருந்து வந்தவை எச்சிலும் மூச்சும் கலந்த ஒலிகள். மாஜிஸ்திரேட் முகம் சுளித்தார். குமாஸ்தா பேனாவைக் கீழே வைத்தார்.

“என்ன சொல்கிறாள்?”

“புரியலைங்க.”

மறுபடியும் சொன்னார். மூன்றாம் முறையும் சொன்னார். மாஜிஸ்திரேட் என் பக்கம் திரும்பினார். “நீதானே கட்டுப் போட்டவள்? உனக்குப் புரிகிறதா?”

எனக்குப் புரிந்தது. ஐந்து வாரம் அந்த வாயைப் பார்த்தவள். அவர் சொன்னது: “சுருட்டிகினு போயிடுவோம். நாளைக்கும் வருவோம்.”

கடைசி இரண்டு சொற்களை விழுங்கினேன். இதைச் சொன்னால் ஆறு பேரும் தொலைந்தார்கள் என்று நினைத்தேன். நல்லதையே நினைத்தேன். “காய்ந்ததும் நாங்களே சுருட்டிக்கொண்டு போய்விடுவோம் என்று சொல்கிறார்,” என்றேன்.

மீதியக்கா கூண்டின் கட்டையை விரலால் தட்டினார். என்னைப் பார்த்து மறுபடியும் தட்டினார்.

“இன்னும் ஏதாவது சொல்கிறாளா?”

“இல்லை,” என்றேன்.

ஆறு பேருக்கும் ஒரு மாதக் கடுங்காவல். நான் வெட்டிச் சொன்னதால் ஒரு நாள்கூடக் குறைந்ததாகத் தெரியவில்லை. பெண் என்பதாலும் காயம்பட்டவர் என்பதாலும் மீதியக்காவை விட்டுவிட்டார்கள். ஆறு மாதத்துக்குப் பொது இடத்தில் கூடாமலும் பேசாமலும் இருப்பதாகக் கைநாட்டு வாங்கிக்கொண்டார்கள். தவறினால் ஜெயில். விலங்கோடு போகும்போது அவர் கணவர் என்னிடம், “ஒரு மாசம் என்னை யாரும் உட்ட எடத்துல புடிக்க மாட்டாங்க, மருந்தம்மா,” என்றார். சிரிக்கத்தான் பார்த்தார்.

வாசலில் மீதியக்கா என் கையைப் பிடித்து இழுத்து, உள்ளங்கையில் அந்தச் சிவப்பு நூலை வைத்தார். “நீ உட்ட எடம்,” என்றார். கோணல் வாயால் அதைச் சொல்ல நேரம் பிடித்தது. நான் குறுக்கே பேசவில்லை.

மறுநாள் காலை மருந்தகக் கதவைத் திறந்தபோது தாழ்வாரத் தூணில் ஒரு கழி கட்டப்பட்டிருந்தது. அதிலிருந்து ஒரு குட்டைப் பாவு, அரக்கு நிறம், சாலைக்குக் குறுக்கே நீண்டு போயிற்று. மறுமுனைக் கழியைப் பிடித்துக்கொண்டு கச்சேரி வாசலோரம் மீதியக்கா தனியாக நின்றார். ஒரு பாவை ஓர் ஆளால் நீட்ட முடியாது. உதவிக்கு எவரும் வரவில்லை. தெருவில் கதவுகள் சாத்தியிருந்தன. அதனால் எங்கள் தூணை ஆளாக வைத்துக்கொண்டிருந்தார். கஞ்சி தடவி முடித்திருந்தார். ஈரம் மின்னியது.

டாக்டர் எட்டிப் பார்த்தார். “யார் இதை நம்ம தூணில் கட்டினது? ஜல்தி அவிழ்த்து விடு. நம்மளையும் சேர்த்து எழுதிடுவாங்க.”

நான் சொன்னதைச் செய்கிறவள். போய் முடிச்சை அவிழ்த்தேன். அவிழ்த்த பிறகுதான் தெரிந்தது, கழி என் கையில் இருக்கிறது, பாவின் இழுப்பு தோள்வரை ஏறுகிறது, விட்டால் அத்தனையும் புழுதியில். சாலையின் அந்தப் பக்கத்திலிருந்து மீதியக்கா பார்த்துக்கொண்டிருந்தார். நான் இழுத்துப் பிடித்தேன்.

கச்சேரியிலிருந்து ஒரு போலீஸ்காரனை அனுப்பினார்கள். அன்று பாவைத் தாண்டாமல் சுற்றி வந்தவனைத்தான். பாவின் ஓரமாகவே நடந்து என் பக்கம் வந்தான்.

“உட்டுடுங்க, மருந்தம்மா.”

“விட்டால் சிக்காகிவிடும். உனக்குத் தெரியாதா?”

“தெரியும்,” என்றான். என் இடது கை விரல்கள்மேல் அடித்தான்.

கழி என் கையிலிருந்து நழுவியது. பாவு தொய்ந்து தரையை நோக்கி இறங்கியது. அது மண்ணைத் தொடுவதற்கு ஒரு சாண் இருக்கும்போது, அவன் தடியைப் போட்டுவிட்டு இரண்டு கையாலும் கழியைப் பிடித்தான். யோசித்துச் செய்ததில்லை அது. பிடித்த பிறகு விட முடியாமல் அங்கேயே நின்றான். கச்சேரிப் படியிலிருந்து இன்ஸ்பெக்டர் என்னவோ கத்தினார். அவன் திரும்பவில்லை. கால்களை அகல வைத்து, தறிக்காரன் நிற்பதுபோல் நின்றான்.

வெயில் ஏறியது. மீதியக்கா பாவின் மறுமுனையில் நின்ற அவனைப் பார்த்துச் சொன்னார். வாய் கோணிற்று, எச்சில் வழிந்தது, ஆனால் நின்ற சொல்லிலிருந்து கடைசிச் சொல் வரைக்கும், ஒன்றையும் விடாமல்:

“சுருட்டிகினு போயிடுவோம். நாளைக்கும் வருவோம்.”

அவனுக்குப் புரிந்தது. “சரிக்கா,” என்றான்.

பாவு காய்ந்தது. இரண்டு பேரும் இரு முனையிலிருந்தும் சுருட்டிக்கொண்டே நடுவில் வந்து சேர்ந்தார்கள். ஓர் இழைகூடச் சிக்காகவில்லை. அவன் சுருளைத் தூக்கி எங்கள் தாழ்வாரத்தில் பத்திரமாக வைத்தான். பிறகு தடியை எடுத்துக்கொண்டான், மீதியக்காவின் கையைப் பிடித்தான், ஸ்டேஷனுக்கு இழுத்துக்கொண்டு போனான். அவரை வேலூர் ஜெயிலுக்கு அனுப்பினார்கள். அவர் திரும்பி வருவதற்குள் என்னை வேலையைவிட்டு அனுப்பிவிட்டார்கள்.

என் விரல்களுக்கு டாக்டரே கட்டுப் போட்டார். நல்ல கட்டு. ரிஜிஸ்தரில் பக்கத்தைத் திருப்பி என் பெயர், வயது, காயம் எல்லாம் எழுதினார். கடைசிக் கட்டத்தில் கொஞ்சம் தயங்கினார். அன்று சாலையில் இருந்தவர்கள் மூன்று பேர். மூன்று பேர் சேர்ந்தால் நெரிசல் என்று எழுத முடியாது. ‘தவறி விழுந்தது’ என்று எழுதினார்.

“படியுங்கள், ஐயா, கேட்போம்,” என்றேன்.

படித்தார்.

“மீதி?” என்று கேட்டேன்.